மாத்திரையை நீட்டுவதற்கு முன்: நர்சிங் மாணவர்களுக்கான மருந்து வழிகாட்டி

மருந்தியலை எல்லோரும் படிக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர், வகை, டோஸ், பக்கவிளைவு என்று நான்கு கட்டம் போட்டு, தூக்கம் வரும்வரை ஒப்பிப்பது. பரீட்சையில் அது மதிப்பெண் வாங்கித் தரும். மருந்து ட்ரேயைப் பிடித்துக்கொண்டு ஒரு படுக்கையின் ஓரத்தில் நிற்கும்போது மட்டும் தேவைப்படுவது வேறு. இதைக் கொடுப்பதற்கு முன் இந்த நோயாளியிடம் எதைப் பார்க்க வேண்டும்? கொடுத்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்? இதய மருந்தான டிஜாக்ஸின் என்றால், கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்ஸின் நஞ்சாகும். கொடுத்த பிறகு, பசி இருக்கிறதா, குமட்டுகிறதா, பார்வையில் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். வார்டில் தினமும் கையில் வருகிற முப்பது நாற்பது மருந்துக்கு இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால், நான்கு கட்டத்தில் பாதி மறந்தாலும் சமாளிக்கலாம்.

இங்கே சொல்லும் எண்கள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை வேறு எண் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

உடம்புக்குள் மருந்துக்கு என்ன ஆகிறது

உறிஞ்சப்படுவது, பரவுவது, மாற்றமடைவது, வெளியேறுவது என்ற நான்கையும் படித்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் வார்டில் எங்கே தலைகாட்டுகின்றன என்று பார்ப்போம்.

வாயால் விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, உடம்பு முழுக்கப் பரவுவதற்கு முன் கல்லீரலைத் தாண்டியாக வேண்டும். சில மருந்துகளில் பெரும்பங்கு அங்கேயே அழிந்துவிடும். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான், விழுங்கிவிட்டால் பயன் போய்விடும். மார்ஃபின் வாய்வழியாகக் கொடுக்கும்போது ரத்தக்குழாய் வழி (ஐவி) டோஸைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படுவதும் இதே காரணம்தான். நோயாளிக்கு ஐவி லைன் போய்விட்டது, அதே மருந்தை வாயால் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னாலோ, வாந்தி எடுக்கிறார், வாய்வழி டோஸை அப்படியே ஐவியில் போட்டுவிடலாம் என்று சொன்னாலோ, நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது. வழி மாறினால் டோஸும் மாறும், புது ஆர்டர் வேண்டும்.

ரத்தத்துக்குள் போன மருந்தில் ஒரு பங்கு ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒட்டாமல் இருப்பதுதான் வேலை செய்யும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் இதற்கு நல்ல உதாரணம்: ஆல்புமின் குறைந்த மெலிந்த நோயாளியிடம் மொத்த அளவு ரிப்போர்ட்டில் மி.லி.க்கு 10-லிருந்து 20 மைக்ரோகிராமுக்குள் சரியாகத் தெரியும், ஆனால் ஒட்டாத பங்கு கூடிப்போய் அவர் தள்ளாடிக்கொண்டிருப்பார். ரிப்போர்ட்டோடு நோயாளியையும் பாருங்கள் என்று சீனியர்கள் சொல்வது இதைத்தான்.

மாற்றமடைவது பெரும்பாலும் கல்லீரலில், வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகத்தில். ஆக, ஜென்டாமைசின், அமிகாசின், வேன்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைக் கையில் எடுத்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, நேற்று சிறுநீர் எவ்வளவு போனது என்று பார்த்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும். வயதானவர்களிடம் கிரியேட்டினின் சாதாரணமாகத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள், தசை குறைந்த உடம்பில் அந்த எண் உண்மையைவிட நன்றாகவே காட்டும்.

அரை ஆயுள் என்பது மாணவர்கள் வரையறையாகவே வைத்துக்கொள்ளும் இன்னொரு விஷயம். உடம்பில் 100 மி.கி. இருந்தால் ஒரு அரை ஆயுளில் 50, அடுத்ததில் 25, அப்புறம் 12.5, 6.25, ஐந்தாவதில் ஏறக்குறைய 3. மருந்தை நிறுத்தினால் நான்கைந்து அரை ஆயுள் ஆனபிறகுதான் ஏறக்குறைய வெளியேறும், தொடங்கினாலும் அதே நேரம் ஆனபிறகுதான் அளவு நிலைப்படும். இது உயிர்காக்கும் இடம் ஒன்று உண்டு. மார்ஃபின் போன்ற ஓபியாய்ட் கூடிப்போய் மூச்சு குறைந்த நோயாளிக்கு அதன் மாற்றுமருந்தான நாலக்ஸோன் கொடுத்ததும் கண் விழித்துப் பேசுவார், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நாலக்ஸோனின் வேலை 30-லிருந்து 90 நிமிடத்தில் முடிந்துவிடும், ஓபியாய்ட் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம். விழித்தவர் மறுபடி மயங்கி, மூச்சு நின்றுபோகலாம். அந்த நோயாளியின் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

முதல் படி: ஆர்டரைப் படிப்பது

நோயாளி பெயர், மருந்து, டோஸ், வழி, எத்தனை முறை, தேதி நேரம், கையெழுத்து. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆர்டர் முழுமையில்லை, நீங்களே ஊகித்து நிரப்பக் கூடாது. அதோடு, எதற்காக இந்த மருந்து என்பதும் உங்களுக்குப் புரிய வேண்டும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கு மெட்ஃபார்மின் எழுதியிருந்தால், வேறு காரணம் இருக்கலாம், சார்ட் மாறியும் இருக்கலாம். கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதும் முறையிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. யூனிட் என்பதற்குப் பதில் ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால், அவசரத்தில் எழுதிய 10 யூ, 100 என்று தெரியும். 5.0 மி.கி. என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும், அதனால் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியும் வேண்டாம். அரை மி.கி. என்றால் 0.5 என்று முன்னால் சுழி கட்டாயம், வெறும் .5 என்பதைப் பலர் 5 என்று படித்திருக்கிறார்கள். மைக்ரோகிராமை முழுதாக எழுதுங்கள், மி.கி.யோடு குழம்பினால் தவறு ஆயிரம் மடங்கு. ஓ.டி. என்பது தினம் ஒருமுறை என்றும் படிக்கப்படும், கண்மருந்து என்றால் வலது கண் என்றும் படிக்கப்படும்.

போனில் ஆர்டர் சொன்னால், கேட்டதை எழுதி, எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டி, டாக்டர் சரி என்று சொன்னபிறகுதான் அது ஆர்டர். பதினைந்தா ஐம்பதா என்ற சந்தேகம் ஆங்கிலத்தில் காதுக்கு எளிதாக வரும், ஒன்று ஐந்து என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லிக் கேளுங்கள். நெருக்கடி இல்லாத நேரத்தில் வாய்மொழி ஆர்டரை ஏற்கவே வேண்டாம்.

ஒவ்வாமை பற்றி சார்ட்டில் பார்த்தாலும் நோயாளியிடம் ஒருமுறை கேளுங்கள். பென்சிலின் ஆகாது என்று அட்மிஷனில் சொல்ல மறந்தவர்கள், ஊசியைப் பார்த்ததும் நினைவுகூர்ந்து சொல்வார்கள்.

இரண்டாம் படி: கணக்கு

வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மி.லி.யால் பெருக்குங்கள். அமிகாசின் 375 மி.கி. வேண்டும், குப்பியில் 2 மி.லி.யில் 500 மி.கி. இருக்கிறது. 375-ஐ 500-ஆல் வகுத்தால் 0.75, இரண்டால் பெருக்கினால் 1.5 மி.லி. கணக்குப் போடும் முன்பே மனதில் ஒரு உத்தேசம் வைத்துக்கொள்ளுங்கள்: முழுக் குப்பிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வர வேண்டும். விடை 15 மி.லி. என்று வந்தால் கால்குலேட்டரில் புள்ளி தவறியது உடனே புரியும். ஒரு டோஸுக்கு மூன்று குப்பி உடைக்க வேண்டியிருந்தால், ஒரு வேளைக்கு ஆறு மாத்திரை எண்ண வேண்டியிருந்தால், கையை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

குழந்தைகளுக்கு எடைதான் எல்லாம். 12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 7.5 மி.லி. இதே பாராசிட்டமால் 1 மி.லி.யில் 100 மி.கி. அடர்த்தியில் சொட்டு மருந்தாகவும் வருகிறது, அதில் 1.8 மி.லி.தான் தர வேண்டும். சிரப் கணக்கைப் போட்டுவிட்டுச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து 7.5 மி.லி. எடுத்தால் குழந்தைக்குப் போவது 750 மி.கி., நான்கு மடங்குக்கும் மேல். மருந்தின் பெயர் சரி, குழந்தை சரி, கணக்கும் சரி, அடர்த்தி மட்டும் மாறியிருக்கிறது. அதனால்தான் லேபிளில் பெயரைப் படித்ததோடு நிறுத்தாமல் ஒரு மி.லி.யில் எவ்வளவு என்பதையும் படிக்கச் சொல்கிறேன். பெற்றோருக்கு வீட்டில் தரும் அளவைச் சொல்லும்போதும் மி.கி.யோடு மி.லி.யையும், எந்தப் பாட்டில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ட்ரிப்புக்கு, மொத்த மி.லி.யை செட்டின் சொட்டு எண்ணிக்கையால் பெருக்கி நிமிடங்களால் வகுக்க வேண்டும். 1000 மி.லி. 8 மணி நேரத்தில், மி.லி.க்கு 20 சொட்டு செட் என்றால், 20,000-ஐ 480-ஆல் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு. 60 சொட்டு மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட்டுக்குச் செட்டு சொட்டு எண்ணிக்கை மாறும், உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும் என்பதால், ஒருமுறை செட் பண்ணிவிட்டுப் போனால் போதாது.

மூன்றாம் படி: எடுப்பதும் கலப்பதும்

லேபிளை மூன்று முறை பாருங்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளக்கும்போது, படுக்கையருகே கொடுக்கும் முன். மூன்று முறையும் ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், சும்மா கண்ணால் தடவினால் மூளை தான் எதிர்பார்க்கும் பெயரையே படித்துக்காட்டும். டோபமைனும் டோபுட்டமைனும், வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும், ஹைட்ராலசினும் ஹைட்ராக்ஸிசினும் அப்படி ஏமாற்றும் ஜோடிகள். காலாவதி தேதி, நிறம், துகள், கலங்கல் எல்லாம் இந்த நேரத்திலேயே.

மருந்து தயாரிக்கும்போது பேச்சு வேண்டாம். யாராவது கூப்பிட்டால், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நடுவில் விட்டுப் போக நேர்ந்தால் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள். இன்னொருவர் நிரப்பி வைத்த சிரிஞ்சைக் கொடுக்காதீர்கள், அது உங்கள் சீனியராகவே இருந்தாலும். சிரிஞ்சில் எடுத்ததும் லேபிள் ஒட்டுங்கள், தண்ணீர் மாதிரி தெரியும் இரண்டு சிரிஞ்ச் ஒரே ட்ரேயில் பெயரில்லாமல் கிடப்பதைவிட மோசமான காட்சி வார்டில் கிடையாது. வாய்வழி திரவத்தை ஊசி சிரிஞ்சில் எடுக்கவே வேண்டாம், ஐவியில் போய்விடும்.

குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரையையும், மெதுவாக வெளியிடும் மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மூக்குக்குழாய் நோயாளிக்கு அப்படி எழுதியிருந்தால் திரவ வடிவம் இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். ஃபெனிட்டாயினை சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும், செலுத்தும் வேகம் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. செஃப்ட்ரியாக்ஸோனையும் கால்சியம் உள்ள திரவத்தையும் ஒரே லைனில் கலக்கக் கூடாது. வேன்கோமைசினைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும்.

நான்காம் படி: படுக்கையருகே

மாணவியாக இருந்தபோது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். காது மந்தமான ஒரு பெரியவரிடம், பெயரைச் சொல்லி நீங்கள்தானே ஐயா என்று கேட்டேன். தலையாட்டினார். மாத்திரையைக் கையில் வைக்கப்போகும்போது பின்னால் நின்ற சீனியர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, அவர் கைப்பட்டையைத் திருப்பிக் காட்டினார். வேறு பெயர். அன்று மதியம்தான் படுக்கை மாற்றியிருந்தார்கள். கையில் இருந்தது பிபி மாத்திரை, அந்தப் பெரியவருக்கோ காலையிலிருந்தே பிபி இறங்கிக் கிடந்தது.

அதனால் கேள்வியை நோயாளி பதில் சொல்லும்படி கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன? சொன்னதைக் கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒப்பிடுங்கள். பெயர், பதிவு எண் அல்லது பிறந்த தேதி என்று இரண்டு அடையாளம் வேண்டும், படுக்கை எண் அடையாளமே இல்லை. பேச முடியாதவர், குழந்தை, மயக்கத்தில் இருப்பவர் என்றால் கைப்பட்டைதான் துணை, பட்டை இல்லையென்றால் முதலில் பட்டை போட ஏற்பாடு செய்யுங்கள்.

சரியான நோயாளி, மருந்து, டோஸ், வழி, நேரம் என்ற ஐந்தும் இங்கே மறுபடி. அதோடு, கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கருக்குப் பல்ஸும் பிபியும், ஓபியாய்டுக்கு மூச்சு எண்ணிக்கையும் விழிப்பு நிலையும், மக்னீசியம் சல்ஃபேட்டுக்கு முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் அளவு. நோயாளி, இது நான் வழக்கமாகப் போடும் நிறம் இல்லையே என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். கம்பெனி மாறியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்து கொடுங்கள். அவர் வேண்டாம் என்று மறுத்தால் ஏன் என்று கேட்டு, எழுதி, தெரிவிக்க வேண்டும், சோற்றில் கலந்து கொடுக்கக் கூடாது. மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் விழுங்கும்வரை நில்லுங்கள்.

ஊசி பற்றிச் சுருக்கமாக. தசையில் 90 டிகிரி, தோலுக்கடியில் 45 அல்லது 90, தோலுக்குள் 5-லிருந்து 15. பிட்டத்தின் பின்பக்கத்தில் சயாட்டிக் நரம்பு ஓடுவதால் பக்கவாட்டு இடுப்புப் பகுதியே பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது, கைக்குழந்தைக்குத் தொடையின் முன் வெளிப்பக்கம். ஹெப்பரினைத் தோலுக்கடியில் போட்டால் பின்னிழுத்துப் பார்க்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

தனியாக இன்னொருவரையும் கூப்பிட வேண்டிய மருந்துகள்

இன்சுலின், ஹெப்பரின், அடர் பொட்டாசியம், ஓபியாய்ட், புற்றுநோய் மருந்துகள். இவற்றில் சின்னத் தவறும் பெரிதாக முடியும். இரண்டாவது நபர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், நீங்கள் விடையைச் சொல்லி அவர் தலையாட்டினால் அது சரிபார்ப்பு ஆகாது.

இன்சுலினைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1 மி.லி.யில் 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 20 யூனிட் ஆர்டர். கையில் 100 யூனிட் குப்பி, ஆனால் எடுத்தது 40 யூனிட் சிரிஞ்ச். 20 கோடு வரை இழுத்தால் சிரிஞ்சில் இருப்பது அரை மி.லி., அதாவது 50 யூனிட். கோடு சரியாக 20-ஐத்தான் காட்டும், பார்க்கிறவருக்கும் 20 என்றுதான் தெரியும், நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. ஆகவே இரண்டாவது நபரிடம் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்தே காட்டுங்கள். தெளிந்த இன்சுலினையும் கலங்கிய இன்சுலினையும் கலக்கச் சொன்னால், முதலில் கலங்கிய குப்பியிலும் அப்புறம் தெளிந்ததிலும் காற்றைச் செலுத்தி, தெளிந்ததை முதலில் எடுங்கள். கிளார்ஜின் இன்சுலினை எதோடும் கலக்காதீர்கள். கொடுக்கும் முன் சர்க்கரை எவ்வளவு, சாப்பாடு வந்துவிட்டதா என்று பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் இன்சுலினை நிறுத்திவைத்து, தாழ்சர்க்கரைக்கான சிகிச்சையைத் தொடங்கி, டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடர் பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்தக்குழாயில் ஒருபோதும் செலுத்தக் கூடாது, இதயம் நின்றுவிடும். நீர்த்து, நன்றாகக் கவிழ்த்துக் கலக்கி, கை ரத்தக்குழாயில் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல். சிறுநீர் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான். புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டுமே, தண்டுவடத்தில் போனால் உயிரே போகும், அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் நீர்த்துத் தரச் சொல்கிறது. 2017-ல் அந்த நிறுவனம் மருந்தால் வரும் தடுக்கக்கூடிய கடும் பாதிப்பைப் பாதியாகக் குறைக்க உலகளவில் ஒரு முயற்சியையே தொடங்கியது.

கொடுத்த பிறகு

கொடுத்ததும் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் எழுதிவைத்தால், நோயாளி வாந்தி எடுத்தாலோ ஸ்கேனுக்குப் போய்விட்டாலோ சார்ட் பொய் சொல்லும். எழுதாமல் விட்டால் அடுத்த டூட்டிக்காரர் மறுபடி கொடுப்பார். வலி மருந்து கொடுத்தால் வலி எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைந்தது என்று அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்க் கேட்டு எழுதுங்கள்.

புது ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ் என்றால் அருகிலேயே இருங்கள். தடிப்பு, மூச்சிரைப்பு, குரல் கம்மல், பிபி சரிவு தெரிந்தால் உடனே மருந்தை நிறுத்தி, உதவிக்குக் கூப்பிட்டு, படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, மூச்சு திணறினால் உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுங்கள். அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் அரை மி.லி. பத்தாயிரத்துக்கு ஒன்று என்று எழுதிய ஆம்பூல் பத்து மடங்கு நீர்த்தது, இரண்டும் அவசர ட்ராலியில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ட்ராலியை அமைதியான நேரத்தில் திறந்து பார்த்துப் பழகுங்கள்.

மாற்றுமருந்துகளையும் ஜோடியாக நினைவில் வையுங்கள்: ஹெப்பரினுக்குப் புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டைன், மக்னீசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட், பென்சோடயசெபைனுக்கு ஃப்ளூமாசெனில்.

தவறு நடந்துவிட்டால்

நடக்கும். உங்களுக்கும் ஒருநாள் நடக்கலாம். முதல் வேலை நோயாளியைப் பார்ப்பது: பல்ஸ், பிபி, மூச்சு, விழிப்பு, தேவைப்பட்டால் சர்க்கரை. அடுத்து, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் டாக்டரிடமும் இன்சார்ஜிடமும் சொல்லுங்கள். திட்டு விழுமே என்று அரை மணி காத்திருந்தால், மாற்றுமருந்து வேலை செய்யும் நேரம் கைநழுவிப் போகலாம். மாணவர் என்றால் உங்கள் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். சார்ட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், சாக்கும் வேண்டாம், யார் மேலும் பழியும் வேண்டாம்: இரவு 9.10-க்கு மெட்டோப்ரோலால் 50 மி.கி. வாய்வழி தரப்பட்டது, இவருக்கு ஆர்டர் இல்லை, பல்ஸ் 64, பிபி 110/70, 9.15-க்கு டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். சம்பவ அறிக்கை தனி, அது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க. எழுந்தால் தலைசுற்றலாம், தனியாகக் கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று நோயாளியிடம் சொல்லுங்கள். டூட்டி மாறும்போது, இவரை எதுவரை, எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அடுத்தவரிடம் படுக்கையருகே நின்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.